கரைகிற கல்

டர்பனிலிருந்து தராசு சரிபார்க்க வந்தவன் நான்.
சானி கணவாயைப் பனி அடைத்துக்கொண்டது.
இரண்டு மணி நேர வேலைக்கு
ஒன்பது நாள் மொகோட்லோங்கில்.

சாலை ஆய்வுக்கூடத்தில் லினேயோ மட்டும்தான்.
குழாய்த் தண்ணீர் பத்து மணிக்குத்தான் இளகும்.
போர்வையைத் தோளில் ஊக்கு மாட்டிக்கொண்டு
அவள் ஜல்லி எண்ணிக்கொண்டிருந்தாள்.
நாற்பது துண்டு, கரும்பாறை,
உடலெங்கும் வெண்புள்ளி.
ஒவ்வொன்றிலும் வெள்ளை மையில் ஓர் எண்.
பிறகு எல்லாம் கிளைக்கால் தட்டில்.
லாரி ரேடியேட்டரில் ஊற்றுகிறோமே அதுதான்,
சாயம் மட்டும் கிடையாது.

"எதற்கு?" என்றேன்.
"மழைக்குப் பதிலாக" என்றாள்.
"பத்து வருஷ மழைக்கு
என்னிடம் நேரம் இல்லை."

போன வாரமே இந்தக் கல்
இரும்பு உருளைக்குள் போய்
குண்டுகளோடு ஐந்நூறு சுற்று உருண்டு வந்திருந்தது.
நூற்றுக்குப் பதினாறுதான் பொடி.
தட்டைக் கல் குறைவு.
பத்தில் ஒரு பங்கை நொறுக்கித்தர
இருநூற்றெழுபது கிலோநியூட்டன் கேட்டதாம்.
பதிவேட்டில் அதுவரை ஒரு சிவப்புக் கோடு இல்லை.

இரண்டாம் நாள் ஒன்றுமில்லை.
மூன்றாம் நாள் ஒன்றுமில்லை,
அவளுக்கு ஜலதோஷம்.
நான்காம் நாள் பதினேழாம் கல்லில்
தலைமுடி போல ஒரு கீறல்.
மையின் ஓரம் என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை, தேதி குறித்தாள்.

ஆறாம் நாள் காலை
பதினேழு வெந்த கிழங்காய்ப் பிளந்துகிடந்தது.
உள்ளே சோப்பு மாதிரி பச்சைக் களி.
குண்டுகளுக்கு அசையாத கல்
சும்மா நனைந்ததில் உப்பி
தன்னைத் தானே திறந்துகொண்டிருக்கிறது.
அன்று மாலைக்குள் இருபத்தொன்பதும்.
மறுநாள் நான்கு.

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பது
எங்கள் வீட்டில் கடன் கேட்கப் போகையில் சொல்வது.
இங்கே கல் தானாகக் கரைந்துவிட்டது,
கரைப்பவர் அதன் பிறகுதான் வந்தார்.

குவாரிக்காரர் செகோபே.
பாதி ஆட்டைச் சாக்கில் சுற்றி
வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.
குரல் உயர்த்தவில்லை.
நாற்காலியில் உட்காரவும் இல்லை.
மருத்துவமனைக்குப் போகிற சாலை இது,
மார்ச்சுக்குள் தார் விழ வேண்டும்,
எல்லாம் சொன்னார்.
"முப்பத்தேழு நன்றாகத்தானே இருக்கின்றன?"

லினேயோ மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
"சாலையில் எண் எழுதியா போடுவீர்கள்?"

அவர் என்னைப் பார்த்தார்.
நான் தராசைப் பார்த்தேன்.
ஆட்டுக்கறி சாக்கோடு திரும்பிப் போயிற்று.
அது குறித்து எனக்கு
இன்றும் கொஞ்சம் வருத்தம் உண்டு;
ஒரு வாரமாக மக்காச்சோளக் கூழ்.

எட்டாம் நாள் இரவு ஒருவன் வந்தான்.
புருவம்வரை கல்தூசி.
சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு
தட்டுகளின் பக்கம் ஒரு கணம் நின்றான்.
எத்தனை என்று கேட்கவில்லை.
அவள் சொல்லவில்லை.
அவன் போன பிறகு சொன்னாள்:
"என் கணவர், மொலெபாட்ஸி.
அந்த நொறுக்கியில் இரவு ஷிப்ட்."
சொல்லிவிட்டுச் சல்லடையைத் தட்டினாள்,
கண்ணில் சிக்கிய கல் ஒன்று விழும்வரை,
விழுந்த பிறகும்.

கணவாய் திறந்தது.
ஆயிரம் கிராமுக்குப் புள்ளி ஒன்று கூடுதல்,
தராசு ஏற்கத்தக்கது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அடுத்த மேஜையில் அவளும் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.
இரண்டு தாளுக்கும் ஒரே முத்திரைதான்,
ஒரே பேனா.
என்னுடையதை முடித்துக் கொடுத்ததும்
வாங்கி
கடைசிச் சொல்லில் ஓர் 'அல்ல' சேர்த்தாள்.

கீழே இறங்குகையில்
சாலையோரம் பழைய ஜல்லிக் குவியல்.
வண்டியை நிறுத்தச் சொல்லி ஒன்றை எடுத்தேன்.
கனமாக, குளிர்ந்து, நல்ல கல்லாகத்தான் இருந்தது.
நகத்தால் சுரண்டினேன்.
நகம்தான் தேய்ந்தது.
பையில் போட்டுக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை.

வளைவு தாண்டியதும் குவாரி.
பட்டையில் கல் ஓடவில்லை, தூசி எழவில்லை,
மலை முழுக்கச் சத்தமே இல்லை.
"இன்றைக்கு ஞாயிறா?" என்று
ஓட்டுநரைக் கேட்டேன்.
செவ்வாய் என்றார்.